தியலும உச்சியில் அரை நாள் குளியல்: காசு எதற்குக் கொடுத்தோம்?

முதலில் காசுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இன்னும் அதுதான் பேச்சு. நாங்கள் நான்கு பேர்: நான், இவர், 13 வயது மகன், என் தங்கச்சி. மலைநாட்டு ஊரான எல்லவில் தங்கிய இடத்துக்குப் பக்கத்தில் பயணம் ஒழுங்கு செய்து கொடுக்கும் ஒருவரிடம் தலைக்கு 6,500 ரூபாய்ப்படி 26,000 கட்டினோம். வேன், வழிகாட்டி, காலைச் சாப்பாடு, ஆளுக்கொரு மிதவை அங்கி, தியலும நீர்வீழ்ச்சியின் உச்சித் தடாகங்களில் இரண்டரை மணி நேரக் குளியல், மதியத்துக்குள் திரும்பி வந்து சேர்வது. பேச்சு இதுதான்.

வேன் வந்தது. வழிகாட்டியும் வந்தார். காலைச் சாப்பாடு என்பது ஆளுக்கு இரண்டு வாழைப்பழமும் ஒரு பக்கெற் பிஸ்கட்டும். மிதவை அங்கி நான்குக்குப் பதில் இரண்டு, அதில் ஒன்றின் கொக்கி உடைந்து சணல் கயிற்றால் கட்டியிருந்தது. மகனின் அளவுக்கு ஒன்றுமே இல்லை. வேன் புறப்பட்ட பிறகுதான் பார்த்தோம். ஒழுங்கு செய்தவருக்குப் போன் எடுத்தால், “வழிகாட்டி பார்த்துக்கொள்வார் மேடம்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

உண்மையைச் சொன்னால், வழிகாட்டி பார்த்துக்கொண்டார். அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நட்சத்திரம் போடச் சொன்னால் அந்தத் தம்பிக்கு 5, ஒழுங்கு செய்தவருக்கு 2. அந்த இரண்டும் வேன் சாரதி நேரத்துக்கு வந்ததற்கு.

நான் களுவாஞ்சிகுடியில் படிப்பிக்கிறேன். எங்கள் ஊர் நடுவால் போகிற ஏ4 வீதி கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, பெரகலை, கொஸ்லாந்தை, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் என்று சுற்றி மட்டக்களப்பில் முடிகிறது. தியலும நீர்வீழ்ச்சி கொஸ்லாந்தைக்கும் வெல்லவாயவுக்கும் இடையில் அதே வீதியின் ஓரத்தில்தான் விழுகிறது. கொழும்புக்கு அந்தப் பாதையால் போகும்போதெல்லாம் பஸ் யன்னலால் தலையை நீட்டிப் பார்த்திருக்கிறேன். 220 மீற்றர். பம்பரகந்தைக்கு அடுத்தபடியாக இலங்கையில் உயரமானது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், அவ்வளவுதான். அந்த உச்சியில், விழுவதற்கு முன்னால், தண்ணீர் சின்னச் சின்ன அருவிகளாக இறங்கித் தடாகம் தடாகமாகத் தேங்கி நிற்கிறது என்பதை அண்மையில்தான் அறிந்தேன். வெளிநாட்டுக்காரர்கள் எல்லவிலிருந்து கூட்டமாக வருவது அதற்குத்தான். நம்மவர்களில் பலர் இன்னும் கீழே நின்று செல்பி எடுத்துவிட்டுப் போகிறார்கள்.

காலை ஐந்தே முக்காலுக்குப் புறப்பட்டோம். எல்லவிலிருந்து வெல்லவாயப் பக்கம் இறங்கும்போதே இராவணன் நீர்வீழ்ச்சி வந்துவிடும். ‘எல்ல’ என்றாலே சிங்களத்தில் நீர்வீழ்ச்சிதான், ஆகவே நீர்வீழ்ச்சியில் குளிக்க நீர்வீழ்ச்சியிலிருந்து புறப்பட்டோம் என்று மகன் பகிடி விட்டான். அங்கேயே குளிக்கலாமே, வீதியோரம், காசும் மிச்சம் என்றார் இவர். விடியற்காலையிலேயே இரண்டு பஸ் நின்றது. வேண்டாம் என்று விட்டோம்.

வெல்லவாயவில் திரும்பி ஏ4இல் ஏறி, தியலும அடிவாரத்தில் ஐந்து நிமிடம் நிறுத்தினார்கள். ஆகஸ்ட் மாதம். அருவி மெலிந்து, பாறையில் யாரோ வெள்ளை நூலைத் தொங்கவிட்டது போல இருந்தது. பாதி வழியில் காற்று அதைப் பக்கவாட்டில் பிய்த்துக்கொண்டு போனது. தங்கச்சி முகம் வாடிவிட்டது. “இதுக்காகா இவ்வளவு காசு?” என்றாள். இதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது: ஊவாவின் இந்தப் பக்கத்துக்குப் பெரிய மழை ஐப்பசிக்குப் பிறகு வருவது. அப்போது வந்தால் அருவி காணக் கண்கொள்ளாது, ஆனால் மேலே கால் வைக்க முடியாது. வெயில் மாதங்களில் வந்தால் அருவி நூல்தான், ஆனால் தடாகங்கள் தெளிந்து அடங்கி நிற்கும். பார்க்க வருவதா, குளிக்க வருவதா என்று முதலில் முடிவெடுங்கள்.

கொஸ்லாந்தையில்தான் வழிகாட்டி ஏறிக்கொண்டார். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். தோளில் ஊதிய லொறி டியூப் ஒன்று, சுருட்டிய கயிறு, ஒரு மூங்கில் தடி. ஏறியதும் எங்களைப் பார்த்து ஆங்கிலத்தில் குட் மோர்னிங் சொன்னார். நான் “வணக்கம் தம்பி” என்றதும் அவர் முகம் மாறிய விதத்தைப் பார்க்க வேண்டும். தோட்டத்துப் பிள்ளை. மூன்று வருடமாக ஆட்களைக் கூட்டிப் போகிறாராம். தமிழ் பேசுகிற குடும்பம் மிகவும் குறைவு என்றார். நான் ரீச்சர் என்று தெரிந்த பிறகு வசனத்துக்கு ஒரு “டீச்சர்” போட்டுத்தான் பேசினார். எங்கள் பேச்சில் பாதி அவருக்கும், அவர் பேச்சில் சில சொற்கள் மகனுக்கும் விளங்கவில்லை. “என்னகா” என்று தங்கச்சி என்னைக் கூப்பிடும்போதெல்லாம் அவர் சிரித்தார்.

கொஸ்லாந்தையிலிருந்து பூனாகலை வீதியில் தேயிலைக்கு நடுவால் வேன் ஏறுகிறது. பூனாகலை ஓயாதான் தியலுமவாக விழுகிற ஆறு. அதன் தலைப்பக்கத்துக்குத்தான் நாங்கள் போய்க்கொண்டிருந்தோம். பாதை ஒடுக்கம். எதிரே கொழுந்து ஏற்றிய லொறி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுக்க வேண்டும். எங்கள் சாரதி இரண்டு தடவை எடுத்தார், இரண்டு தடவையும் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

இறங்கிய இடத்தில் ஒரு சின்னக் கடை. கழிப்பறை அங்கேதான், மேலே எதுவும் கிடையாது. பெண்கள் இதை மறக்க வேண்டாம். உடுப்பு மாற்ற மறைப்பும் இல்லை. குளிக்கிற உடுப்பை உள்ளே போட்டுக்கொண்டு போவதும், திரும்பி வந்து கடைக்காரம்மாவிடம் கேட்டு உள் அறையில் மாற்றுவதும்தான் வழி. அவர் முகம் சுளிக்காமல் விட்டார்.

நடை நாற்பது நிமிடம், பெரும்பாலும் இறக்கம். தேயிலை முடிந்ததும் ஆளுயர மானாப்புல். கசக்கினால் எலுமிச்சை மணம் வரும், ஆனால் ஓரம் பிளேட் மாதிரி. அரைக்காற்சட்டையோடு வந்த வெள்ளைக்காரப் பெண்ணொருத்தியின் முழங்காலுக்குக் கீழே முழுக்கக் கோடு. நீளக் காற்சட்டை போடச் சொல்லி எங்களிடம் யாரும் சொல்லவில்லை; நாங்கள் மட்டக்களப்புக்காரர் என்பதால் தற்செயலாகப் போட்டிருந்தோம். அட்டை கடிக்குமா என்று தங்கச்சி பத்துத் தடவை கேட்டுவிட்டாள். “இந்த வெயிலுக்கு அட்டை வராதுங்க, பாம்பு வேணா வரும்” என்றார் தம்பி. அதன் பிறகு அவள் கேட்கவில்லை.

புல் மேட்டைத் தாண்டியதும் காற்று அடித்தது பாருங்கள். தொப்பி பறந்தது. இவர் நின்று, “இது எங்கட கச்சான்!” என்றார். உண்மைதான். ஆனி ஆடியில் எங்கள் ஊரில் வாயை வறட்டிக்கொண்டு அடிக்கிற அந்தக் காற்று தென்மேற்கிலிருந்து மலையைத் தாண்டி வருவதுதானே. மழையை எல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, காய்ந்து, சூடாகி எங்களிடம் வருகிறது. இங்கே இன்னும் கொஞ்சம் குளிர்ச்சி மிச்சம் இருந்தது. வருடா வருடம் ஏசுகிற காற்றை அது புறப்படுகிற வழியில் வைத்துப் பார்த்தது எனக்கு என்னவோ போல இருந்தது.

பிறகு தடாகங்கள். கறுத்த பாறைப் படிகளில் ஐந்தாறு சிறிய அருவிகள், ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு தடாகம், கடைசித் தடாகத்துக்கு அப்பால் ஒன்றும் இல்லை. ஆகாயம், அதற்குக் கீழே வெகு தூரத்தில் வெல்லவாயச் சமவெளி. எட்டு மணிக்கு எங்களைத் தவிர ஒரு சோடிதான் அங்கே இருந்தது.

உடனே இறங்கலாம் என்று மகன் சேட்டைக் கழற்றினான். “பொறுங்க தம்பி” என்று வழிகாட்டி நிறுத்தினார். அந்தக் காலையில் அவர் சொன்ன முதல் ‘வேணாம்’ அது. முதலில் தானே இறங்கி, மூங்கில் தடியால் தடாகம் முழுக்கக் குத்திப் பார்த்தார். ஏன் என்று கேட்டேன். கையைப் பிடித்து ஒரு பாறைக் குழியைக் காட்டினார்: உரல் மாதிரி உருண்டையாகக் குடைந்த குழி, அடியில் வழுவழுப்பான கூழாங்கற்கள். வெள்ளக் காலத்தில் தண்ணீர் கல்லைச் சுழற்றிச் சுழற்றிப் பாறையைக் குடைகிறது. தண்ணீருக்கு அடியிலும் இப்படிக் குழிகள் உண்டு. இடுப்பளவு என்று நினைத்துக் கால் வைத்தால் கழுத்தளவு இறங்கும். ஆழம் என்று நினைத்துக் குதித்தால் மண்டை இடிக்கும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அடியில் கல் இடம் மாறிவிடும் என்பதால் போன மாதம் பார்த்த தடாகத்தையும் மறுபடி குத்திப் பார்க்கத்தான் வேண்டுமாம். குதிப்பது என்ற பேச்சே இல்லை. அந்தச் சோடியின் ஆண் மேலேயிருந்து குதித்தார். தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார், ஆனால் அவர்கள் இவருடைய ஆட்கள் இல்லையே.

இறங்கினோம். அம்மாடி, குளிர்! நான் வாவிக்கரையில் வளர்ந்தவள். எட்டு வயதில் நீந்தப் பழகியவள், அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. முதல் அரை நிமிடம் மூச்சு எடுக்க வரவில்லை. நெஞ்சை யாரோ அமுக்கியது போல. தம்பி சொல்லித்தான் இருந்தார்: கால், இடுப்பு, முகம் என்று நனைத்துவிட்டு மெதுவாக இறங்குங்கள் என்று. நான்தான் கேட்கவில்லை. அதோடு, உப்புத் தண்ணீரில் மிதந்து பழகிய உடம்பு இது. நல்ல தண்ணீர் அப்படித் தாங்காது. கையும் காலும் கூட வேலை செய்ய வேண்டியிருந்தது. பத்து நிமிடத்தில் பழகிவிட்டது. பழகிய பிறகு கிடைத்ததை என்னவென்று சொல்ல? மல்லாந்து படுத்தால் காதுக்குள் அருவிச் சத்தம், கண்ணுக்கு மேலே முகில் ஓடுகிறது, காற்று அடிக்கும்போது அருவி பிசிறி முகத்தில் தூறுகிறது. இவர் நீந்தத் தெரியாதவர். லொறி டியூபில் உட்கார்ந்து, கயிற்றின் மறுநுனியைத் தம்பி பிடித்திருக்க, தடாகத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். கலியாணமாகிப் பதினாறு வருடத்தில் அவர் இப்படிச் சத்தம் போட்டுச் சிரித்ததை நான் அதிகம் கண்டதில்லை.

இரண்டாவது ‘வேணாம்’ எனக்கு. அருவி நேரே விழுகிற இடத்துக்கு நீந்திப் போய்த் தலையைக் கொடுக்கப் பார்த்தேன். குற்றாலப் படங்களைப் பார்த்து வந்த ஆசை. “அங்க வேணாம் டீச்சர், நுரைத் தண்ணி ஆளத் தாங்காது” என்றார். பிறகு யோசித்துப் பார்த்தேன். நுரை என்றால் பாதி காற்று. காற்று கலந்த தண்ணீரில் மிதக்க முடியாது, நீந்தக் கை வீசினாலும் பிடிமானம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் மிதப்பு விசையைக் கரும்பலகையில் கீறுகிற நான் இதை யோசிக்கவில்லை. அவர் ஆட்களைப் பார்த்தே தெரிந்து வைத்திருக்கிறார். பக்கத்துச் சிறிய அருவியில், கால் நிலத்தில் நிற்கும் இடத்தில், தலையைக் கொடுக்க விட்டார். ஐந்து நிமிடம். கழுத்துப் பிடிப்பு, தோள் பிடிப்பு எல்லாம் போயே போய்விட்டது. இதற்கு மட்டுமே ஆயிரம் ரூபாய் கொடுக்கலாம்.

துப்பட்டாவையும் கழற்றி வைக்கச் சொன்னார். சங்கடப்பட்டுக்கொண்டுதான் சொன்னார், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. கல்லில் சிக்கினால் கழுத்தை இழுக்கும். சரியான பேச்சு. சேலையோடும் தொளதொளத்த கவுனோடும் இறங்க நினைப்பவர்களுக்கும் இதேதான். இறுக்கமான நீளக் காற்சட்டையும் ரீசேட்டும் போதும்.

மூன்றாவது ‘வேணாம்’தான் பெரிய சண்டை. விளிம்பில் இருக்கிற அந்தக் கடைசித் தடாகம். படங்களில் ஆட்கள் கையை விரித்துக்கொண்டு நிற்பது அதில்தான், தங்கச்சி எல்லவுக்கு வந்ததே அந்தப் படத்துக்காகத்தான். “ஒரேயொரு போட்டோகா” என்று என்னிடம் கெஞ்சினாள். தம்பி அசையவில்லை. கைப்பிடி இல்லை, வேலி இல்லை, விளிம்புப் பாறையில் பாசி, அதற்குப் பிறகு 220 மீற்றர். காய்ந்த கறுப்புப் பாறை காலைப் பிடிக்கும்; ஈரமான பச்சைப் பாறை சோப்பு மாதிரி. “தண்ணி சும்மா நிக்கிற மாதிரித்தான் இருக்கும். அந்த ஓரத்துல மட்டும் அடியில இழுக்கும். நான் கூட்டிட்டுப் போனா நீங்க சிரிச்சிட்டு வருவீங்க. அடுத்த ஆளையும் நான் கூட்டிட்டுப் போகணும். அப்புறம் ஒரு நாளைக்கு ஒருத்தர் வர மாட்டாங்க” என்றார். தங்கச்சி ஒன்றும் பேசவில்லை. வேறு வழிகாட்டிகள் கூட்டிப் போவதைப் பிறகு நாங்களே கண்டோம். பத்து மணிக்கு அங்கே படமெடுக்க வரிசை நின்றது. அவர் எங்களை விளிம்பிலிருந்து பதினைந்து அடி தள்ளி, ஒரு திட்டில் உட்கார வைத்துப் படம் எடுத்துத் தந்தார். கோணம் பிடிக்கத் தெரிந்த பிள்ளை. படத்தில் விளிம்பில் இருப்பது போலவே இருக்கிறது. தங்கச்சி அதைத்தான் போட்டாள், யாரும் கண்டுபிடிக்கவில்லை.

தியலுமவுக்கு ஒரு கதை இருக்கிறதாமே, இளவரசியைக் கொடிக்கயிற்றில் மேலே தூக்கும்போது நடந்த விபரீதம், தெய்வங்கள் அழுத கண்ணீர் என்று, அதைச் சொல்லுங்கள் என்றான் மகன். “அது டூரிஸ்ட்டுக்குச் சொல்றது தம்பி” என்று சிரித்துவிட்டு, வேறு ஒன்றைச் சொன்னார். மேலே மலையைக் காட்டி, “நாங்க அந்தப் பக்கம் வானத்தப் பாத்துக்கிட்டே இருப்போம்” என்றார். இங்கே வெயில் எரிக்கும், பூனாகலைப் பக்கம் மழை பெய்யும். அரை மணி நேரத்தில் இங்கே தண்ணீர் ஏறிவிடும். முதலில் சருகும் குச்சியும் மிதந்து வரும், பிறகு நிறம் தேநீர் மாதிரி மாறும், அருவிச் சத்தம் கனக்கும். சருகைக் கண்டதுமே கரையேற வேண்டும், நிறம் மாறும்வரை நிற்கக் கூடாது. அதற்காகத்தான் நாங்கள் குளிக்கும்போது அவர் தண்ணீருக்குள் இறங்காமல் மேல்ப் பாறையிலேயே உட்கார்ந்திருந்தார். குளிக்க வரவில்லையா என்று நாங்கள் இரண்டு தடவை கூப்பிட்டது அறியாமை.

மழையைப் பார்க்கிற பழக்கம் எப்போதிருந்து என்று நான் கேட்டிருக்கக் கூடாது. மீரியபெத்தைத் தோட்டம் கொஸ்லாந்தைக்குப் பக்கத்தில்தான். 2014 ஒக்டோபர் 29, காலை, மலை சரிந்து இறங்கி, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடிய அன்று அவர் பள்ளிக்கூடம் போகிற பையன். “அதுக்கப்புறம் இங்க எல்லாருமே பாப்பாங்க டீச்சர்” என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் காலைத் தண்ணீரில் போட்டுக்கொண்டு இருந்தோம்.

பத்தே முக்காலுக்குக் கிளம்பினோம். வரும்போது இறக்கமாக இருந்தது இப்போது ஏற்றம், தலைக்கு மேல் வெயில். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்த ஏற்றம்தான் பாடு. எனக்கு மூன்று இடத்தில் உட்கார வேண்டி வந்தது. தண்ணீர்ப் போத்தல் ஆளுக்கொன்றாவது வேண்டும். பிளாஸ்ரிக்கைத் திருப்பிக் கொண்டு வாருங்கள். மானாப்புல்லுக்குள் பிஸ்கட் உறையும் போத்தலும் கிடந்ததைத் தம்பி பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டே வந்தார், மகனும் சேர்ந்துகொண்டான்.

கடையில் தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும், இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்ரீயும். ஆளுக்கு மூன்று ரொட்டி போனது. அந்த வாழைப்பழத்துக்குப் பதில் ஒழுங்கு செய்தவர் இந்தக் கடையில் சொல்லி வைத்திருந்தால் அவருக்கும் செலவு குறைவு, எங்களுக்கும் வயிறு நிறைந்திருக்கும்.

அங்கே வைத்துத்தான் இவர் மெதுவாகக் கேட்டார், தம்பிக்கு இதில் எவ்வளவு என்று. முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார்: மூவாயிரம். டியூபும் கயிறும் அவருடைய சொந்தக் காசு. வேனுக்குப் பதினைந்தாயிரம் போனது என்றே வைத்துக்கொள்வோம், வாழைப்பழத்துக்கு ஐந்நூறு. மிச்சத்தை நீங்களே கணக்குப் பாருங்கள். நாங்கள் தனியாக இரண்டாயிரம் கொடுத்தோம். வாங்க மறுத்து, பிறகு மகன் கையால் கொடுத்தபோது வாங்கிக்கொண்டார்.

எல்லவுக்குத் திரும்பி அந்த மனிதரிடம் உடைந்த கொக்கியைக் காட்டினேன். நாளைக்கே மாற்றிவிடுவதாகச் சொல்லி, நல்ல மதிப்புரை போட்டால் அடுத்த முறை பத்து வீதம் கழிவு என்றார். கழிவு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த முறை எல்லப் பக்கமே போகிற எண்ணம் இல்லை. களுவாஞ்சிகுடியிலிருந்து வெல்லவாயவுக்கு ஒரு பஸ், அங்கிருந்து பெரகலைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினால் கொஸ்லாந்தையில் இறங்கலாம். மேலே ஏற ஓட்டோ இருக்கிறது. தம்பியிடம் நேரே பேசியாயிற்று, மூன்று நாளுக்கு முன்னால் சொன்னால் போதும், மழை என்றால் அவரே வர வேண்டாம் என்று சொல்லுவார். மிதவை அங்கி நாங்களே கொண்டு போகிறோம்; கல்முனையில் மீன்பிடிச் சாமான் கடையில் மகனின் அளவுக்கு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், கொக்கியையும் பூட்டித் திறந்து பார்த்தாயிற்று.